சத்தம் பிடிக்கவில்லையா, அடிக்கிற கை பிடிக்கவில்லையா?

"கோயிலுக்குள்ள சாவு மேளமா?" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்ட அண்ணனுக்கு முதலில் என் நன்றி. மற்றவர்களெல்லாம் 'ஆராதனை ஒழுங்கு', 'சபை மரபு', 'மூப்பர்களின் மனவருத்தம்' என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தவர் அவர் ஒருவர்தான்.

நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோ எல்லோரிடமும் இருக்கிறது. போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை, காணிக்கைப் பாட்டு, நாலு பையன்கள், நாலு பறை. ஆயரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் செய்தார்கள். இரண்டாவது சரணத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து போய்க் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஓரத்தில் நின்ற சின்னவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, குச்சியை ஓங்கியபடியே நின்றான். அவர் அந்தக் குச்சியை வாங்கினார். அந்த இடத்தை நான் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். தோளைத் தொட்டிருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம். குச்சியின் நுனியைத்தான் பிடித்தார், இரண்டு விரலால். கவனிக்காதவர்கள் இன்னொரு முறை பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்களுக்குப் பிடிக்காதது அந்தச் சத்தமா, அடிக்கிற கையா?

சத்தம்தான் என்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். நம் கோயிலில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிதம் பேட் இருக்கிறது. மாதக் கடைசி உபவாசக் கூட்டத்தில் வேகப் பாட்டு வந்தால் அதிலிருந்து டண்டணக்க என்று கிளம்புமே, அது என்ன சத்தம் என்று வாசிக்கிற தம்பியிடமே கேட்டேன். "தப்பு டோன்ணே" என்றான். தப்பு என்றால் பறைக்கு இன்னொரு பெயர். கமிட்டி தீர்மானம் போட்டு, காணிக்கைப் பணத்தில் வாங்கின பேட். அந்தச் சத்தத்துக்கு மூப்பர்கள் கைதட்டுகிறார்கள், அம்மாமார்கள் கண்ணை மூடிக்கொண்டு அல்லேலூயா சொல்கிறார்கள். ஆக, கரண்டில் வந்தால் அபிஷேகம், தோலில் வந்தால் சாவு மேளம். பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிற பறைக்கு மட்டும்தான் பரிசுத்தம் உண்டு போலிருக்கிறது.

பறைக்கு ஒரே அடிதான் என்று நினைக்கிறவர்கள் எந்தச் சாவிலும் நின்று கேட்டதில்லை, எந்தத் திருவிழாவிலும் நின்று கேட்டதில்லை. சப்பரத்தடி வேறு, ஒத்தையடி வேறு, மாரடிப்பு அடி வேறு. பையன்கள் எந்த அடியை எடுத்தார்கள் என்று அண்ணனால் சொல்ல முடியுமா? பள்ளிக்கூடத்தில் திணைக்குத் திணை கருப்பொருள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோமே, மருதத்துக்கு என்ன பறை? நெல்லரி கிணை. நெல் அறுக்கும் களத்தில் முழங்கிய பறை. அறுப்பின் பண்டிகைக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியம் எது, எலெக்ட்ரிக் கிட்டாரா?

இன்னொரு வேடிக்கை. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது இதே குழுவில் 'ஆதித் தமிழன் இசைக்குப் பெருமை' என்று பூங்கொத்துப் படம் போட்டது யார் யார் என்று கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். டெல்லியில் பெருமை, பலிபீடத்துக்குப் பக்கத்தில் தீட்டு.

சரி, சாவில் வாசித்த கருவி கோயிலுக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆர்கனை என்ன செய்வது? பழைய ரோமப் பேரரசில் ஆர்கன் ஒலித்தது ஆலயத்தில் இல்லை, அரங்கத்தில். வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த விளையாட்டுக்கு வாசித்தார்கள். லிபியாவில் கிடைத்த மொசைக் ஓவியம் ஒன்றில் சண்டை போடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஆர்கன் இருக்கிறது. ஆதித் திருச்சபைப் பிதாக்கள் பலர் இசைக்கருவிகளே ஆராதனைக்கு வேண்டாம் என்றார்கள். பல நூற்றாண்டு கழித்துத்தான் ஆர்கன் மெல்ல உள்ளே வந்தது. அசல் சாவு மேளம் அதுதான் அண்ணே. அதற்கு நாம் வெல்வெட் துணி போர்த்தி வைத்திருக்கிறோம்.

"வேதத்தில் பறை எங்கே இருக்கிறது?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். இருக்கிறதம்மா. செங்கடலைத் தாண்டினதும் மிரியாம் கையில் 'தம்புரு' எடுத்தாள் என்று படிக்கிறோம். நம் மனதில் உடனே கச்சேரித் தம்புரா வந்து உட்கார்ந்துகொள்கிறது. எபிரேயத்தில் அந்தச் சொல் தோஃப். வட்டச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், அடி. சங்கீதம் 150-இலும் அதே சொல்தான். வட்டச் சட்டத்தில் தோலைப் போர்த்தி அடித்தால் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? அவர்கள் கையால் தட்டினார்கள், நாம் குச்சியால் அடிக்கிறோம், அளவும் கொஞ்சம் வேறு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தம்புராவுக்கும் அதற்கும் இருக்கிற தூரத்தைவிடப் பறைக்கும் அதற்கும் இருக்கிற தூரம் குறைவு.

"கீர்த்தனை இருக்கிறதே தம்பி, அதுவும் நம் இசைதானே, அது போதாதா?" என்று கேட்ட பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கீர்த்தனை மட்டும் முதலிலிருந்தே உள்ளே இருந்ததா ஐயா? ஜெர்மன் மிஷனரிகள் வந்த தரங்கம்பாடிக் காலத்தில் நம்மவர்கள் பாடியது ஜெர்மன் ராகத்தில் ஞானப்பாட்டு. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் இருந்துகொண்டு, குறத்தி குறி சொல்கிற குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். 1853-இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அந்த வழியில் ஆராதனைக்கு வந்ததைத்தான் இன்றைக்கு நாம் 'மரபு' என்கிறோம். அதே சாஸ்திரியார், சாதி வித்தியாசத்தை ஒழிக்கச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதினவரும்கூட. இதைச் சொன்னால் 'பக்தனைக் குறை சொல்கிறான்' என்பார்கள். அவர் பாட்டைக் கண் கலங்காமல் என்னால் பாட முடியாது. ஆனாலும் ராகம் உள்ளே வந்தது, குறவஞ்சி உள்ளே வந்தது, பறை மட்டும் ஏன் வாசலில் நிற்கிறது என்று யோசித்தால் அந்த ஞாபகமும் சேர்ந்தே வருகிறது.

'சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும்' என்று வசனம் போட்டவர்களுக்கு: போன மாதம் கல்யாண ஆராதனையில் டிரோன் கேமரா பிரசங்க பீடத்துக்கு மேலே பறந்ததே, அப்போது கிரமம் லீவில் போயிருந்ததா? கோயிலுக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்திப் பறை காய்ச்சினார்கள், புகை வந்தது என்று ஒருவர். ஜெனரேட்டர் புகை மணக்கும் போல. 'அது புறமதக் கருவி' என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தபேலாவை எந்தச் சபையில் ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்தோம் என்று அவர்கள் சொல்லட்டும், அப்புறம் பேசலாம்.

ஒரே ஒரு எதிர்ப்புக்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. அது எங்கள் தெருவிலிருந்தே வந்தது. "எங்கப்பன் பறையத் தூக்கி எறிஞ்சதாலதான்டா நீ இன்னிக்கு பேஸ்புக்ல எழுதிக்கிட்டிருக்க" என்று பெரியப்பா போனில் திட்டினார். அவர் சொல்வது பொய் இல்லை. ஊரில் யார் செத்தாலும் போய் அடிக்க வேண்டும். கூலி கேட்க முடியாது, போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். வர மாட்டேன் என்று சொன்னதற்கே அடி வாங்கினவர்கள் உண்டு. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதும் எங்கள் ஆட்கள் முதலில் கீழே வைத்தது பறையைத்தான். அதை விட்டது ஒரு விடுதலை. அந்த விடுதலைக்கு நான் குறுக்கே நிற்பதாகப் பெரியப்பா நினைக்கிறார்.

எங்கள் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. அப்பத்தா வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஒரு மரவளையம் கிடக்கும். மூன்று துண்டு வேப்பங்கட்டை, இணைப்பில் இரும்புப் பட்டை. பிரிமணைக்குப் பதில் போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் கறுப்பாக என்னவோ காய்ந்து ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டுவேன். பல வருடம் கழித்து மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து மாணவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பரட்டை அண்ணன் என்று நாமெல்லாம் சொல்லும் தியாபிலஸ் அப்பாவுவிடம் படித்தவர்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு கட்டைக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சின பசை. அந்தக் கட்டையின் இணைப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. பானைக்கு அடியில் கிடந்தது தாத்தாவின் பறை.

தோலைக் கிழித்தது என் அப்பா. மிஷன் பள்ளி வாத்தியார், வெளுத்த சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். கட்டையை அடுப்பில் வைக்கச் சொன்னாராம். அப்பத்தா வைக்கவில்லை, பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். "இன்னும் எரிக்கலையா" என்று அப்பாவும் கேட்கவில்லையாம். நானும் அப்பாவிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் வந்தபோது அவர் இல்லை.

அந்த மாணவர்கள் எங்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்க வரவில்லை. இது ஊழியம் செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பீக்கர் இல்லை, பாட்டுப் புத்தகம் இல்லை. வந்து உட்கார்ந்து, "ஆத்தா, ஒங்களுக்கு என்ன பாட்டு தெரியும்?" என்று கேட்டார்கள். கோயிலில் அதுவரை அப்பத்தாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கு என்னய்யா தெரியும், ஒப்பாரிதான் தெரியும்" என்றாள். அந்தப் பெரிய வெள்ளிக்கு அவளையே பாட வைத்தார்கள். நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, 'பந்தல்ல பூத்த பூவே, நீ பட்டுப்போக யாரு சொன்னா' என்று இயேசுவைத் தான் பெற்ற பிள்ளையாக நினைத்துப் பாடினாள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தையையும் மூன்று மணி நேரம் பிரசங்கமாகக் கேட்டுத் தூங்கின வருடங்கள் எனக்கு நிறைய உண்டு. அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

பரட்டை அண்ணன் கிராமிய மெட்டிலேயே முழு ஆராதனை முறையை அமைத்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாமர ஜனங்களே மாற்றிப் பாடிக்கொள்ளலாம், அவர்களிடமிருந்து அதை யாரும் பிடுங்க முடியாது என்பது அவர் வாதம். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் அவர் திருவிருந்தாகப் பார்த்தார். 2005-இல் போய்விட்டார். மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள் நம் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். போன ஞாயிறு அவர்களும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"முகநூலில் எழுதி சபை மானத்தை வாங்காமல் நேரில் பேசியிருக்கலாமே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: பேசப் போனேன். முக்கால் மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அப்புறம் "ஐயா ஜெபத்தில் இருக்கிறார்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

பெரியப்பாவுக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்கிறேன், அவர் இதைப் படிக்க மாட்டார், அவர் மகன் படித்துக் காட்டுவான். அடிமைக்கு அடித்த பறையை நீங்கள் எறிந்தது சரி. நான் அதைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. இந்தப் பையன்களை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, யாரும் கூலி போடவில்லை. அவர்களாக ஆசைப்பட்டு, ஆண்டவருக்கென்று அடித்தார்கள். அது இருக்கட்டும், நீங்கள் ஒன்று சொல்லுங்கள். பறையை எறிந்தோம். பெயரை மாற்றினோம். அப்பா மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு போய் முப்பது வருடம் வேதபாடம் நடத்தினார். இவ்வளவுக்கும் அப்புறம் அந்தக் கமிட்டிக்காரர் நம் பையன் கையைத் தொட்டாரா, குச்சியைத் தொட்டாரா?

அந்த நாலு பறையில் ஒன்று இப்போது என் வீட்டில் இருக்கிறது. சின்னவன்தான் கொண்டுவந்து கொடுத்தான், வீட்டில் வைத்தால் அவன் அப்பா உடைத்துவிடுவாராம். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணே, அடுத்த பண்டிகைக்குப் பேட்லயே வாசிச்சிரட்டுமா? அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல?" என்று கேட்டான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்றுப் பெய்த மழை ஈரத்தில் தோல் இறங்கிவிட்டது. தட்டினால் அட்டைப் பெட்டி மாதிரிச் சத்தம். மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கமெண்டில் வருகிறவர்கள் வாருங்கள், இறங்கி வந்து பதில் போடுகிறேன்.