சீவாளியை நனைக்கும் நேரம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் நோட்டீஸை வாங்கிப் பார்ப்பேன். பாடுகிறவர், ஆடுகிறவர் படமெல்லாம் பளிச்சென்று இருக்கும். நாதஸ்வரம், தவில் என்று வந்தால் மட்டும் ஆதார் அட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரி ஒரு முகம். சில நோட்டீஸில் அதுவும் இல்லை, வெறும் பெயர். நாற்பது வருடம் வாசித்தவருக்கு உருப்படியாக ஒரு படம் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து வாத்தியக்காரர்களைப் படம் எடுக்க ஆரம்பித்தபோது, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று லைட் ஸ்டாண்டு, குடை, கறுப்புத் துணி. ஒரு தவில்காரர் வீட்டுத் திண்ணையில் எல்லாம் பொருத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் இரண்டு சட்டை மாற்றிவிட்டார். உடம்பு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஆடி மாதம் வேறு. பாலக்காட்டுக் கணவாயில் மலையே இல்லாமல் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற இடைவெளியில் காற்று எப்படி வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குடையோடு ஸ்டாண்டு சாய்ந்தது, அவர் மனைவி ஓடி வந்து பிடித்தார். ஒரு படம்கூடத் தேறவில்லை.

சாமானை மூட்டை கட்டும்போது, “முடிஞ்சுதுங்களா தம்பி?” என்றார். “முடிஞ்சுதுங்க மாமா” என்றேன். உடனே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தவிலை மடிக்கு இழுத்தார், சாயங்காலக் கச்சேரிக்கு வாரை இறுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு இழுப்பு, ஒரு தட்டு, தலையை லேசாகச் சாய்த்து ஒரு கேட்பு. அந்த முகத்தைத்தான் நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். கேமராவில் 50 எம்எம் லென்ஸ் இருந்தது. வாசல் வெளிச்சத்திலேயே நான்கு படம் எடுத்தேன்.

அன்றைக்குப் பிறகு யாரிடமும் “இயல்பா இருங்க” என்று சொல்வதில்லை. சொன்னதும் யாருக்கும் அது வராது. வாசிப்பதற்கு முன்னால் செய்கிற வேலையைச் செய்யச் சொன்னால் போதும். மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து ஒட்டுவார், தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கிள்ளி எடுப்பார், மறுபடி தட்டுவார். காது வேலை செய்யும்போது கண் எங்கேயோ போய் நிற்கும். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டுவதும் அப்படித்தான். நாதஸ்வரக்காரர் சீவாளியை, அதாவது ஊதுகிற முனையில் செருகும் நாணல் துண்டை, வாயில் வைத்து நனைத்துக்கொண்டே யோசனையில் இருப்பார். வாசிக்கும்போது கன்னம் உப்பி, கண் இறுகிவிடும். அதுவும் நல்ல படம்தான், ஆனால் அவர் வீட்டாருக்குத் தெரிந்த முகம் அதில் இருக்காது. சீவாளி உதட்டை விட்டு விலகி, மூச்சு இறங்குகிற நொடிக்குக் காத்திருங்கள்.

இப்போது என் பையில் கேமரா, அந்த ஒரே லென்ஸ், இரண்டடித் தெர்மாகோல் அட்டை, ஒரு வெள்ளை வேட்டி. அவ்வளவுதான். ஜன்னலில் வெயில் நேராக விழுந்தால் வேட்டியைக் குறுக்கே கட்டுவேன், வெளிச்சம் மெத்தென்று ஆகிவிடும். முகத்தின் இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல். அதை அந்த வீட்டுப் பேத்தியையோ பேரனையோ பிடிக்கச் சொல்வேன். தாத்தா குழந்தையைப் பார்ப்பார், எனக்கு வேறு வேலையே இல்லை. ட்யூப் லைட்டை மறக்காமல் அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் தோலின் நிறம் கெட்டுவிடும். ஷட்டர் வேகம் 125-க்குக் கீழே போனால் விரல் அசைவு கலங்கும். போனில் எடுப்பவர்கள் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். ஐந்தடி தள்ளி நின்று 2எக்ஸில் எடுங்கள்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் ஒன்று. எடுத்த படத்தை வெளுப்பாக்குவது. எங்கள் பக்கத்து வாத்தியக்காரர்களில் பலர் நல்ல கறுப்பு. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் அந்தத் தோலும் மெல்லிய வேர்வையும் மினுங்குகிற அழகை எந்த சாஃப்ட்வேரும் தராது. பிளாஷை நேராக அடித்து நெற்றியில் வெள்ளைத் திட்டு வரவைத்து, பிறகு முகத்தை மாவு பூசிய மாதிரி மாற்றி, விபூதியும் தோலும் ஒரே நிறமாக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு தவில்காரரின் மகள் அப்படி பிரேம் போட்ட ஒரு படத்தைக் காட்டி, “இது எங்கப்பா மாதிரியே இல்லைங்கண்ணா” என்றாள். நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிச்ச அளவை முகத்துக்கு வையுங்கள், வெள்ளை வேட்டிக்கு வைக்காதீர்கள். நிறத்தில் கை வைக்காதீர்கள்.

ஐப்பசியில் கல்பாத்தித் தேர் சமயத்துக் கச்சேரிகளுக்குப் பெரிய பெரிய கேமராக்கள் வரும், வரட்டும். கோயில் வாசலில் வெறும் தரையில் உட்கார்ந்து வாசிப்பவர்கள் பக்கமும் ஒரு கேமரா திரும்ப வேண்டும். எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும்.

வருகிற ஞாயிறு மிருதங்கமும் மத்தளமும் செய்கிற பெருவெம்புக்குப் போகிறேன், தோல் இழுத்துக் கட்டுகிறவர்களை எடுக்க. காலை ஏழு மணி வெளிச்சம் வேண்டும். தெர்மாகோல் பிடிக்க யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், வண்டியில் ஒரு இடம் இருக்கிறது.