பக்திப் புத்தகம் படிக்கும்போது பக்கத்தில் வேதாகமமும் திறந்திருக்கட்டும்

கிறிஸ்தவ வாழ்க்கை பற்றிய புத்தகங்களை விரும்பிப் படிக்கிறவர்கள் பலரும் வசனக் குறிப்பைப் பார்த்ததும் கண்ணை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எழுதியவர் எத்தனை பெரிய ஊழியராக இருந்தாலும் அப்படிப் படிப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது வேதம்.

உங்களுக்கு நல்ல முடிவைத் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். வேலை, திருமணம், படிப்பு என்று எந்த அத்தியாயத்திலும் இந்த வசனம் வந்துவிடும். ஆனால் இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. முந்தின வசனமே 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிவருவதைக் கண்ணால் காணப்போவதில்லை. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கின்றன 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு 11-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால், ஆறு மாதத்தில் வேலை கிடைக்காதவர் தேவனே வாக்குத் தவறிவிட்டார் என்று உடைந்துபோகிறார்.

கிறிஸ்துவின் பெலத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்கிற பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். வெற்றிக்கான வசனமாக அதை அச்சிடுகிறார்கள். காவலில் இருந்த பவுல் அதற்கு முந்தின வசனத்தில் பேசுவது நிறைவைப் பற்றி மட்டுமல்ல, பட்டினியையும் குறைவையும் பற்றியும்தான். கிதியோனின் தோல் இன்னொன்று: இஸ்ரவேலை மீட்கத் தேவன் அழைத்த கிதியோன், ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்ட சம்பவம். தேவசித்தம் அறியும் வழியாக அதைக் காட்டுகிறார்கள். ஆனால் நியாயாதிபதிகள் 6:14-லேயே "போ" என்ற கட்டளை வந்தாயிற்று. தோலைப் போட்டது 36-ஆம் வசனத்துக்குப் பிறகு.

வசனங்கள் இப்படிப் பிய்ந்து வருவதற்கு அச்சு வடிவமும் ஒரு காரணம். இன்று நாம் பார்க்கும் வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்கு ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் கொடுத்தது 1551-இல். பவுல் எண் போட்டு எழுதவில்லை, கடிதமாகவே எழுதினார்.

ஆகவே ஒரு அமர்வுக்கு ஓர் அத்தியாயம் போதும். முதல் வாசிப்பில் வசனக் குறிப்புகளைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பிறகு ஆசிரியரின் வாதத்தைத் தாங்கி நிற்கிற இரண்டு மூன்று வசனங்களை மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். பேசுவது யார், யாரிடம், எந்த நிலையில் என்று பாருங்கள். நிருபம், அதாவது கடிதம், என்றால் முழுவதையும் வாசிப்பது நல்லது. பிலிப்பியர் மொத்தம் 4 அதிகாரம், அரைமணி நேரம்கூட ஆகாது.

ஒரு வசனம் இடம் மாறி நிற்கிறது என்பதற்காகப் புத்தகத்தையே ஒதுக்கிவிட வேண்டாம். பல சமயம் ஆலோசனை சரியாகவே இருக்கும், ஆதாரம்தான் வேறு இடத்தில் இருக்கும். தேவன் நம்மை விசாரிக்கிறார் என்று சொல்ல எரேமியாவை இழுக்கத் தேவையில்லை. 1 பேதுரு 5:7 அதை நேராகவே சொல்கிறது. ஆனால் ஆசிரியருக்கு நடந்ததே எல்லாருக்கும் நடக்கும் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொல்லி, சரிபார்த்த வசனங்களும் ஒவ்வொன்றாக நழுவினால், மூன்றாவது அத்தியாயத்தோடு மூடிவைத்துவிடலாம். குழுவாகப் படிக்கிறவர்கள், கலந்துரையாடல் தொடங்குமுன் அந்த வேதபகுதியைச் சத்தமாக வாசிக்க ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள்.