முகாம் பிள்ளைகளுக்கும் போக்சோ சட்டம் பொருந்தும்

"இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தால் போக்சோ வழக்கு போட முடியாது, இந்தியக் குடியுரிமை வேண்டும்" என்று பரவும் செய்தி பொய். போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தைதான். குடியுரிமையை அது கேட்பதே இல்லை.

முகாமுக்குள்ளேயே பேசி முடிப்பதுதான் பெரிய ஆபத்து. தெரிந்தும் புகார் தராத பெரியவருக்கு, முகாம் தலைவரே ஆனாலும், 6 மாதம் வரை சிறை உண்டு.

மகளிர் குழுவினர் உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பிள்ளையின் உடைகளைத் துவைத்துவிடாதீர்கள். காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஆளாளுக்குக் கேள்வி கேட்டு அந்தப் பிஞ்சை வதைக்காதீர்கள். ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டியதும் இல்லை: வாக்குமூலம் வாங்க, சீருடை இல்லாமல், வீட்டுக்கோ பிள்ளை சொல்லும் இடத்துக்கோ போலீஸ்தான் வர வேண்டும்.