ஒரு புள்ளியில் போன பட்டம்

பிரான்சின் மோட்டார் பந்தய நிர்வாகிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ழான் டோட் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஃபெராரியை மீட்டெடுத்து, பின்னர் உலக மோட்டார் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் 1981இல் அதே டோட் ஒரு டால்போட் சன்பீம் லோட்டஸ் காரில் பாதைக் குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எத்தனை கூர்மை, மேட்டுக்கு அப்பால் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் கீ ஃப்ரெக்லான். அவரைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் நெடுநாள் குறை.

சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் நேரத்தோடு போட்டியிடும் ராலி கார் பந்தயங்களின் உலகத் தொடரில், அந்த ஆண்டு அர்ஜென்டினா ராலியில் வென்று, மான்டி கார்லோவிலும் கோர்சிகாவிலும் இரண்டாவதாக வந்த ஃப்ரெக்லான், கடைசிப் போட்டியான பிரிட்டனின் ஆர்ஏசி ராலிக்கு உலகப் பட்டத்தை எட்டும் தூரத்தில்தான் வந்திருந்தார். அங்கே கார் விபத்துக்குள்ளாக, ஃபோர்டு எஸ்கார்ட் ஓட்டிய ஃபின்லாந்துக்காரர் ஆரி வாட்டனன் 96க்கு 89 என்ற புள்ளிக் கணக்கில் பட்டத்தை எடுத்துக்கொண்டார். கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கான தனிப் பட்டம் டால்போட்டுக்குக் கிடைத்தது. நிறுவனம் ஜெயித்து ஓட்டுநர் தோற்ற ஆண்டு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1989இல் ஃப்ரெக்லான் பிரெஞ்சு கார் நிறுவனமான சிட்ரோயனின் பந்தயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அதன் இசட்எக்ஸ் கார்கள் டக்கார் பாலைவனப் பந்தயத்தை நான்கு முறை வென்றன. அவற்றில் முதல் வெற்றியை, 1991இல், ஓட்டித் தந்தவர் அதே வாட்டனன். தன்னிடமிருந்து பட்டத்தைப் பறித்தவரையே தன் அணிக்கு ஓட்ட வைக்கப் பெரிய மனது வேண்டும், அல்லது மிகத் தெளிவான கணக்கு வேண்டும். ஃப்ரெக்லானிடம் இரண்டும் இருந்தன என்றே நினைக்கிறேன்.

எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த, அதற்கு முன் ஜிம்னாஸ்டிக்ஸில் தேர்ந்த செபாஸ்டியன் லோப் என்ற இளைஞரை நம்பி 2001இல் இத்தாலியின் சான் ரெமோ ராலியில் சிட்ரோயனின் ஸாரா காரைக் கொடுத்ததும் ஃப்ரெக்லானின் அணிதான். லோப் இரண்டாவதாக வந்தார். ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது பிரிட்டனில் நடந்த 2003 வேல்ஸ் ராலி. கடைசிப் போட்டிக்கு லோபும், அவருடைய சக ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸும் தலா 63 புள்ளிகளுடன் வந்தார்கள். சுபாருவின் பெட்டர் சோல்பெர்க் 62. சைன்ஸ் பாதையை விட்டு விலகி வெளியேறியதும், நிறுவனப் பட்டம் கைநழுவாமல் இருக்க வேகத்தைக் குறைத்து வண்டியைப் பத்திரமாக முடிவுக்குக் கொண்டுவரும்படி லோபுக்கு உத்தரவு போனது. அவரும் கீழ்ப்படிந்தார். சோல்பெர்க் 72, லோப் 71. பெஜோவை, அதாவது ஒரே குழுமத்தைச் சேர்ந்த பங்காளியை, முந்திச் சிட்ரோயன் முதன்முறையாக நிறுவனப் பட்டம் வென்றது.

அந்த உத்தரவைக் கொடுத்தவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில் அதே வகைத் தோல்வியை ஓட்டுநராக அனுபவித்தவர் என்பதுதான் என்னைக் கட்டிப்போடுகிறது. நிர்வாகியாக அவர் செய்தது சரி என்றே நான் வாதிடுவேன்: முழுப் பருவமும் களமிறங்கிய முதல் ஆண்டிலேயே, இரண்டு பட்டங்களையும் பணயம் வைப்பது பொறுப்பான செயலாக இருந்திருக்காது. ஆனாலும் லோப் வேகத்தைக் குறைத்த அந்தக் காட்டுப் பாதையை நினைத்தால், என் வாதத்தில் எனக்கே முழு நிம்மதி வருவதில்லை.

லோப் 2004, 2005 பட்டங்களை எளிதாகவே வென்றார். 2006இல் கை முறிந்து கடைசி நான்கு போட்டிகளில் ஓட முடியாமல் வீட்டில் இருந்தபோது, ஃபோர்டு ஓட்டிய மார்கஸ் குரோன்ஹோம் துரத்திக்கொண்டே வந்தார். பருவம் முடிந்தபோது லோப் 112, குரோன்ஹோம் 111.