டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் முதல் தேர்வுக்காகத் தோற்றதா?

2023-24 சீசனில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரே சீசனில் இதைவிட நீண்ட தோல்வி வரிசை அதற்கு முன் இல்லை. புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். "கடைசி இடம் வந்தால் டிராஃப்டில் முதல் தேர்வு உறுதி, அதற்காக வேண்டுமென்றே தோற்றார்கள்" என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றுகிறது. இது தவறு.

முதல் தேர்வை முடிவு செய்வது குலுக்கல். 14 பந்துகளை இயந்திரத்தில் போட்டு நான்கை எடுப்பார்கள். 1,001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றை விட்டுவிட்டு ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுவார்கள்; வரும் சேர்க்கை யாருடையதோ அந்த அணிக்கே முதல் தேர்வு. 2019-இல் வந்த விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140 சேர்க்கைகள், அதாவது 14 சதவீதம்தான். கடைசி அணிக்கு உறுதியாகக் கிடைப்பது ஐந்தாம் இடத்துக்குக் கீழே போகாத பாதுகாப்பு மட்டுமே.

நடந்ததும் அதுதான். 14 வெற்றி, 68 தோல்வி என்று முடித்த டெட்ராய்ட்டுக்கு 2024-இல் ஐந்தாவது தேர்வே வந்தது. முதல் இடம் 3 சதவீத வாய்ப்பு வைத்திருந்த அட்லாண்டாவுக்குப் போனது. 2023-இலும் கடைசி இடம், அப்போதும் ஐந்தாவது தேர்வுதான்!

சரி, களத்தில் விட்டுக்கொடுத்தார்களா? 27-வது தோல்வியில் டெட்ராய்ட் வீரர் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் எடுத்தார். 28-வது, பாஸ்டனிடம் கூடுதல் நேரம் வரை போய் 128-122 என்று தோற்ற ஆட்டம். அந்த இளைஞர்கள் உழைத்தும் தோற்றார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்பது அநியாயம். அடுத்த சீசனில், புதிய பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபின் கீழ், டெட்ராய்ட் 44 ஆட்டங்களில் வென்று பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது.