கடல் தெரியும் அறை மட்டும் போதுமா?

கன்னியாகுமரியில் எங்கே தங்கலாம் என்பது பற்றிய பயணக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அங்கு வருவோர் கடற்கரையை ஒட்டிய விடுதிகளிலேயே தங்க வேண்டும் என்று அதன் ஆசிரியர் கூறுவது, சூரிய உதயத்தையும் விவேகானந்தர் பாறையையும் பார்த்துவிட்டு மறுநாளே திரும்புவோருக்குப் பொருந்தும். மாவட்டத்தின் பழமையைக் காண வருவோருக்கு நாகர்கோவிலே வசதி என்பது இம்மாவட்டத்துக்காரனாகிய என் கருத்து. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஆனால் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த ஐரோப்பியர் டி லனாயின் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டை, 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்ற குளச்சல் ஆகியவை நாகர்கோவிலுக்கும் மேற்கே இருப்பதால், கன்னியாகுமரியில் தங்குவோர் பெரும்பாலும் நாகர்கோவில் நெரிசலைத் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும். (அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.)

கடல் தெரியும் அறைதான் வேண்டும் என்போர், அறையின் சன்னலே கிழக்கு நோக்கியிருக்கிறதா, அல்லது மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உப்புக்காற்றில் கொண்டி துருப்பிடித்து, பாதி திறந்ததோடு நின்றுவிடும் சன்னலுக்கும் கூடுதல் வாடகை வாங்குவோர் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் விடிய விடிய வந்துகொண்டிருக்கும் என்பதால் வாடகையும் ஏறும், தூக்கமும் கெடும். அமைதியை விரும்புவோர், ஊருக்குச் சற்று வெளியே விவேகானந்தபுரத்தில் உள்ள விவேகானந்த கேந்திர வளாகத்தில் அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். அங்கிருந்தும் கடற்கரைக்கு நடந்தே சென்று உதயத்தைப் பார்க்க முடியும்.