ஒன்றரை நிமிஷ கவ்வாலி

பழைய பினாகா கீத்மாலாவை மறு ஒலிபரப்பு செய்கிறோம் என்று ஒரு இணைய வானொலியில் புதன்கிழமை ராத்திரி நடந்த கூத்தைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். கேட்காதவர்கள் என் போன பதிவின் கீழே நடந்த சண்டையையாவது பார்த்திருப்பீர்கள். ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

பினாகா கீத்மாலா என்பது பினாகா பற்பசை பேரில் அந்தக் காலத்து இலங்கை வானொலியில் வந்த இந்தி சினிமாப் பாட்டு வரிசை. 1975-ஆம் வருஷத்து ஆண்டிறுதி நிகழ்ச்சி என்று அந்த இணைய வானொலிக்காரர்கள் ஒரு வாரமாக விளம்பரம் செய்தார்கள். "அப்படியே, அன்று ஒலித்தபடியே" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி கீழிருந்து முதலிடம் நோக்கி ஒவ்வொரு படியாக ஏறி வருகிறார். கடைசியில் பியூகிள் ஊதுகிறது. அந்த வருஷத்து முதலிடப் பாட்டு. 'ரோட்டி கப்டா அவுர் மகான்' படத்து விலைவாசி கவ்வாலி (கூட்டமாகக் கைதட்டிப் பாடுகிற வகைப் பாட்டு). லதா, முகேஷ், ஜானி பாபு, நரேந்திர சஞ்சல் என்று ஆள் மாற்றி ஆள் வந்து அவரவர் கஷ்டத்தைப் பாடுகிற பாட்டு. லட்சுமிகாந்த் பியாரேலால் இசை. இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரை நிமிஷத்தில், வரியின் நடுவில், கத்தரித்துவிட்டார்கள். அடுத்து நகைக்கடை விளம்பரம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லையாம். பாட்டுக்கு ஆன சேதாரத்தை யார் கணக்குப் பார்ப்பது?

இது மட்டும் என்றால் பொறுத்துப் போயிருப்பேன். அன்று ராத்திரி முழுக்க இதே கதைதான். சயானி பேசும்போது பின்னால் சிற்றலை வானொலியின் இரைச்சல் மெலிதாக இருக்கிறது. பாட்டு ஆரம்பித்ததும் இரைச்சல் சட்டென்று காணாமல் போகிறது. பாட்டு பளிச்சென்று, இடது காதில் தபலா, வலது காதில் வயலின் என்று ஓடுகிறது. பாட்டு முடிந்ததும் இரைச்சல் திரும்ப வருகிறது. அதாவது, பழைய ஒலிநாடாவில் இருந்த பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ எடுத்த மெருகேற்றிய பாட்டைச் சொருகி, அதையும் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். குரல் 1975, பாட்டு போன வருஷம், வெட்டு நேற்று. இதற்குப் பெயர் அப்படியேவா?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பழைய நிகழ்ச்சியைப் போடுவதாகச் சொன்னால் பழைய நிகழ்ச்சியைப் போடுங்கள். அதற்குள் இருக்கும் பாட்டைத் தொடாதீர்கள்.

"அசல் நிகழ்ச்சியிலேயே பாட்டுகளைச் சுருக்கித்தானே போட்டார்கள், அப்போது எங்கே போனீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆமாம், சுருக்கினார்கள். அரைமணி நேரமாக இருந்து ஒருமணி நேரமாக வளர்ந்த நிகழ்ச்சி அது. அதற்குள் அத்தனை பாட்டும், பேச்சும், பற்பசை விளம்பரமும் அடங்க வேண்டுமே. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினால் காது நோகாது என்று தெரிந்த ஆள் சுருக்கியது அது. அந்தச் சுருக்கமும் நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான், அதையும் அப்படியே போடுங்கள் என்கிறேன். அவர் மூன்று நிமிஷம் போட்டிருந்தால் மூன்று நிமிஷம். அவர் இரண்டாவது சரணத்தை விட்டிருந்தால் நீங்களும் விடுங்கள். நீங்கள் புதிதாக வெட்டாதீர்கள், புதிதாக ஒட்டவும் செய்யாதீர்கள்.

டாலஸில் இருக்கும் என் தம்பி மகனிடம் புலம்பினேன். அங்கேயும் இதே வியாதிதானாம். கேஸி கேஸம் என்ற அறிவிப்பாளர் 1970 ஜூலை 4 வாரக் கடைசியில் ஆரம்பித்த 'அமெரிக்கன் டாப் 40' நிகழ்ச்சியை இன்றைக்கும் மறு ஒலிபரப்பு செய்கிறார்கள். முதலில் மூன்று மணி நேரமாக இருந்து 1978-இல் நான்கு மணி நேரமாக ஆன நிகழ்ச்சி. இப்போது சில நிலையங்கள் முதல் ஒரு மணி நேரத்தையே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் போடுகின்றனவாம். நாற்பதில் ஆரம்பிக்க வேண்டிய எண்ணிக்கை நடுவழியில் ஆரம்பிக்கிறது. "அங்கேயும் உங்களை மாதிரி திட்டிக்கொண்டே கேட்கிற அத்தைகள் இருக்கிறார்கள்" என்றான். ஏதோ, உலகத்தில் நான் தனி ஆள் இல்லை.

சரி, இப்போது "சேலத்துப் பொம்பளைக்கு இந்திப் பாட்டு எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு வருகிறேன். மூன்று பேர் கேட்டீர்கள். ஒருத்தர் படத்தோடு கேட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வீட்டு முன்கட்டில்தான் வேலை. சுவரில் மர்ஃபி ரேடியோ, மொட்டைமாடி வரை ஏரியல் கம்பி. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டின காலம். பகலெல்லாம் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பு. பொங்கும் பூம்புனலில் ஆரம்பித்து அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது என்று மரியாதையாகச் சொல்வார்கள். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் முள் நகரும். அதே இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு. பட்டறையில் யாருக்கும் இந்தி தெரியாது. பற்றவைக்கிற ஆள் ஊதுகுழலை வாயில் வைத்துவிட்டால் பேச முடியாது, சுடரின் மேலிருந்து கண்ணை எடுக்கவும் முடியாது. காது மட்டும்தான் சும்மா இருக்கும். எங்கள் பட்டறையில் மூத்த ஆசாரி ஒருவர் இருந்தார். பாட்டில் இடையிசை வரும்போதுதான் குழலை எடுத்துவிட்டு மூச்சு வாங்குவார். குரல் திரும்ப வருவதற்குள் அடுத்த வளையத்தைக் குறடால் எடுத்து வைத்திருப்பார். அவருக்கு லதாவையும் ஆஷாவையும் முகம் தெரியாது, மூச்சு தெரியும். இடையிசையை வெட்டுகிறவர்களுக்கு இது புரியாது.

மொழிப்போர் தெரியாதா என்கிறீர்கள். நன்றாகத் தெரியும். 1965 ஜனவரியில் என் பெரிய அண்ணன் காலேஜ் மாணவன். ஊர்வலத்தில் போனவன், தடியடியில் முட்டி வீங்கி வந்தவன். அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். அடுத்த புதன்கிழமை எட்டு மணிக்கு அதே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு "ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை" என்றவனும் அவன்தான். அவனுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. என்மேல் திணிக்காதே என்பது வேறு, நான் விரும்பிக் கேட்பது வேறு. 'ஆராதனா' படம் டப்பிங் செய்யாமலேயே மெட்ராஸில் மாதக்கணக்கில் ஓடிய ஊர் இது. அந்த டிக்கெட்டை எல்லாம் வாங்கினவர்கள் யார், வடக்கத்திக்காரர்களா?

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சியே டில்லியின் பிடிவாதத்துக்கு எதிராகப் பிழைத்த பிள்ளைதான். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஆகாசவாணியில் அதற்குக் கதவைச் சாத்தினார். அந்த வருஷம் டிசம்பரில் கொழும்பிலிருந்து பினாகா கீத்மாலா ஆரம்பித்தது. பம்பாயில் பதிவு செய்து நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியா முழுக்கக் கேட்டது. கடிதங்கள் வாரா வாரம் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. பிற்பாடு ஆகாசவாணியே இறங்கி வந்து 1957-இல் விவித பாரதியைத் தொடங்கியது. இந்தப் பாட்டுகளை எல்லாம் ஜனங்கள்தான் ஏற்றிவிட்டார்கள். இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கும் நேயர் மன்றங்களின் கடிதமும் சேர்ந்துதான் ஒரு பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அப்படி வந்த பாட்டை ஒன்றரை நிமிஷத்தில் இறக்கிவிட இவர்கள் யார்?

சயானி பேச ஆரம்பித்தால் சகோதரிகளைத்தான் முதலில் அழைப்பார், அப்புறம்தான் சகோதரர்கள். இந்தி தெரியாத எனக்கே அது மட்டும் புரியும். ஆம்பளைகள் நிறைந்த பட்டறையில் கதவோரம் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பற்பசை டப்பாவில் வரும் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மிருகங்களையும் சேர்த்து வைத்திருந்தேன். யானை இன்னும் இருக்கிறது.

உரிமைச் சிக்கலால்தான் முழுப் பாட்டு போட முடியாது என்றும் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். இருக்கலாம். அப்படியானால் விளம்பரத்தில் 'அப்படியே' என்று போடாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் வலித்தது பாட்டு வெட்டுப்பட்டது கூட இல்லை. அந்த வானொலிக்காரர்களின் இணையப் பக்கத்தில் போய், யாரையும் திட்டாமல், எந்தெந்தப் பாட்டு எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று வரிசையாக எழுதினேன். பதில் வந்தது. "மேடம் ரிலாக்ஸ், ஃப்ரீயாதானே கேக்கறீங்க." பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி.

இலவசமா? நடுவில் வந்த நகைக்கடையும், மனைக்கட்டு விளம்பரமும், மூட்டுவலித் தைலமும் யாருக்காக வந்தன? என்னை மாதிரி முட்டி வலியோடு உட்கார்ந்து கேட்கிற கிழவிக்காகத்தானே? தைலக்காரனுக்கு நான் வேண்டும், பாட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் ரிலாக்ஸ். அந்தக் கவ்வாலி எதைப் பற்றியது? விலைவாசி ஏறிச் சாமானியன் செத்தான் என்பதுதான் பாட்டே. 1974-இல் ரேஷன் கடை வரிசையில் சர்க்கரைக்கு நின்றவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதைப் பாதியில் நிறுத்தித் தங்கம் விற்கிறார்கள்.

வீட்டில் பேரன் சொல்கிறான், "பாட்டி, இப்போ யாரு முழுப் பாட்டு கேக்கறா? முப்பது செகண்டுதான்." நீ கேட்காதே, உன் இஷ்டம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரரை ராகம் எடுக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்துகிறீர்கள். கோயில் திருவிழாக் கச்சேரியிலும் பல்லவி முடிந்ததும் கைதட்டி அனுப்புகிறீர்கள். எல்லாவற்றிலும் முன்பக்கத்துத் துண்டு போதும் உங்களுக்கு. எங்கள் ஊர் சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் போன கதையும் இதுதான். அத்தனை படம் எடுத்த இடத்தில் இன்று ஏற்காடு ரோட்டுப் பக்கம் வளைவு மட்டும் நிற்கிறது, அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு பாரம்பரியம் என்கிறோம். எனக்கு வளைவு போதாது. உள்ளே இருந்ததும் வேண்டும்.

அமீன் சயானி 2024 பிப்ரவரியில் காலமானார். அவர் இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பாரோ என்னவோ. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் 1976 என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த வருஷத்து முதலிடம் 'கபீ கபீ'. கய்யாமின் இசை, முகேஷின் குரல். அதில் கை வைத்தால் இதைவிட நீளமான பதிவு வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு உதவி. எங்கள் சின்ன அண்ணன் பின்னாளில் ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது ரேடியோவிலிருந்து நேராகப் பிடித்த கேசட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. மலை மேலே சிக்னல் நன்றாக இருக்கும் என்று அவர் அங்கேதான் பதிவு செய்வார். நடுவில் நாய் குரைக்கும், அண்ணி சாப்பிடக் கூப்பிடுவாள், ஆனால் ஒரு பாட்டு கூட வெட்டுப்படவில்லை. என் டேப் ரிக்கார்டரில் பெல்ட் அறுந்து கிடக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்திலோ ஐந்து ரோட்டிலோ இன்னும் பெல்ட் மாற்றித் தருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "புதுசு வாங்கிக்கோங்க மேடம்" என்று எழுத வேண்டாம்.